ஒரு கம்பு, ஒரு பாட்டில், ஒரு வாதாமரம்

எங்கள் வகுப்பறையின் வடக்குச் சுவரில் முன்பு ஒரு பருவகாலப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் ஒரு கடையில் என் கைக்காசைப் போட்டு நானே வாங்கி வந்த படம்தான். அதில் நான்கு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் பூக்கள், ஒன்றில் வெயில், ஒன்றில் சிவந்த இலைகளை உதிர்க்கும் மரம், கடைசிக் கட்டத்தில் கம்பளிக் குல்லாய் போட்ட பனிப்பொம்மை. ஒரு மாசி மாதத்தில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி அந்த மூன்றாவது கட்டத்தைக் காட்டி, "டீச்சர், இது நம்ம வாதாமரம்" என்றாள். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எங்கள் பள்ளி வளாகத்து வாதாமரம் தன் பெரிய இலைகளை எல்லாம் செம்பு நிறத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றாகத் தரையில் போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் படத்தில் அந்தக் கட்டத்தின் கீழே 'செப்டம்பர் முதல் நவம்பர் வரை' என்று அச்சிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் குடை இல்லாமல் பள்ளிக்கு வந்து சேர முடியாது. அன்று மாலையே அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். அதன் பின்பக்கம் நல்ல வெள்ளையாக இருந்ததால், அதில்தான் அடுத்த ஆண்டின் மழைக் கணக்கை எழுதினோம்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் என்னோடு இருப்பார்கள். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின், குழந்தைகளை அவர்களுடைய கற்றல் அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடத்துகிறோம். ஆகவே எந்தச் செயல்பாட்டைச் செய்தாலும் எழுத்தே தெரியாத குழந்தைக்கும் அதில் ஒரு வேலை இருக்க வேண்டும், மூன்றிலக்கக் கழித்தல் தெரிந்த குழந்தைக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். இந்தக் கட்டாயத்தில் சிக்கித் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் பருவகாலம் எனக்குப் பெரிய துணையாக வந்து வாய்த்தது. வானத்தையும் மரத்தையும் பார்ப்பதற்கு நிலை எதுவும் தேவைப்படுவதில்லை.

பருவகாலச் செயல்பாடு என்றவுடன் பெரும்பாலான இடங்களில் நடப்பது என்னவென்றால், பொங்கலுக்குப் பானைப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது, கிறிஸ்துமசுக்குப் பஞ்சு ஒட்டுவது, சுதந்திர தினத்துக்கு மூவர்ணத் தாள் வெட்டுவது ஆகியவைதாம். நானும் பல ஆண்டுகள் அவற்றைச் செய்திருக்கிறேன். அவற்றில் தவறு ஒன்றும் இல்லை, குழந்தைகள் மகிழ்ச்சியாகச் செய்கிறார்கள். ஆனால் அவை பண்டிகை பற்றிய செயல்பாடுகள்; பருவத்தைப் பற்றியவை அல்ல. பருவம் மாறுவது ஒரு குழந்தைக்குக் கண்ணில் படவேண்டுமானால், ஒரே பொருளை ஒரே இடத்தில் வைத்து மாதந்தோறும் திரும்பப் பார்த்தாக வேண்டும். ஆகவே மாதத்துக்கு ஒரு புதுக் கைவேலை என்ற வழக்கத்தைக் குறைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் மாறாமல் இருக்கும் மூன்று பொருள்களை வைத்துக்கொண்டேன்: வெயிலில் நட்ட ஒரு கம்பு, மழைக்கு வைத்த ஒரு பாட்டில், அப்புறம் அந்த வாதாமரம். மற்றவையெல்லாம் அந்தந்த மாதத்தில் வந்து போகிறவை.

கம்பிலிருந்து தொடங்குகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி ஒரு நேரான கம்பை விளையாட்டுத் திடலில் நட்டுவிடுவோம். மதியம் பன்னிரண்டு மணிக்கு முன்பே தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். கம்புக்கு மிக அருகில் இருக்கும் கல்தான் அன்றைய உச்சி நிழல். அதை அளப்பதற்கு ஒன்றாம் வகுப்புக்கு விரலும் சாணும், இரண்டாம் வகுப்புக்குப் பனையோலை நறுக்கு, மூன்றாம் வகுப்புக்கு அளவுகோல். அளந்து முடித்ததும் அதே நீளத்துக்குச் சணல் கயிற்றை வெட்டி, மாதப் பெயரை எழுதிச் சுவரில் தொங்கவிடுவோம். ஒரு ஆண்டின் முடிவில் சுவரில் தொங்கும் அந்தக் கயிற்று வரிசைதான் எங்கள் பருவகாலப் படம்.

எங்கள் அட்சரேகையில் இந்தக் கம்பு செய்யும் வேடிக்கை, வடநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது. ஜூன் மாதக் கடைசியில் உச்சி நிழல் ஏறக்குறைய 23 செ.மீ. நீளத்துக்குத் தெற்குப் பக்கமாக விழும். ஆடி முழுவதும் குறைந்துகொண்டே வந்து, ஆகஸ்ட் 25-ஐ ஒட்டிய ஒரு நாளில் அறவே இல்லாமல் போகும். அதன் பிறகு வடக்குப் பக்கமாக முளைத்து, டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 67, 68 செ.மீ. வரை நீளும். அதாவது, சூரியன் நம் தலைக்கு வடக்கே இருந்து தெற்கே போவதைக் குழந்தை தன் காலடியில் பார்க்கிறது. சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறையும் என்று மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், செப்டம்பர் மாதக் கல் கம்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, யாரோ கல்லை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சண்டைக்குப் போனான். மறுநாளும் இருவரையும் சேர்த்தே அளக்கச் சொன்னேன். விளக்கம் சொல்ல நான் அவசரப்படவில்லை. அந்த வயதில் பூமியின் சாய்வைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நிழல் பக்கம் மாறியது என்று அவனே பார்த்துச் சொன்னால் போதும்.

நிழல் இல்லாத அந்த நாளில் மேகம் வந்து கெடுத்துவிடுவதும் உண்டு. ஒரு நாள் முன்போ பின்போ பார்த்தாலும் அரை சென்டிமீட்டர் அளவு நிழல்தான் இருக்கும். குழந்தைகளுக்கு அது வித்தியாசமே இல்லை. மதிய உணவுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கையில் பிடித்திருக்கும் தட்டு, டம்ளர் எல்லாவற்றுக்கும் நிழல் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதை அன்று பார்க்கலாம்.

ஜூன் மாதத்தில் எங்கள் ஊரில் எல்லாரும் எதிர்பார்க்கும் இன்னொன்று தண்ணீர். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. அது எல்லா ஆண்டும் நடப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அணையில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து நாங்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் இறங்கி, கிளை வாய்க்கால் வழியாகப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மதகுக்கு வந்து சேரும் நாளைப் பிள்ளைகள்தான் எனக்கு வந்து சொல்வார்கள். தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துச் சுவரில் ஒட்டுவதோடு எங்கள் வேலை தொடங்கும். மேட்டூரில் திறந்த தேதிக்கும் மதகுக்குத் தண்ணீர் வந்த தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்பது இரண்டாம் வகுப்புக்கான கணக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாளில் இருக்கும் எண்ணைப் படிப்பதே வேலை. கிழித்த காலண்டர் தாள்களை நான் எப்போதும் தூக்கிப் போடுவதில்லை. பெரிய எழுத்தில் எண் அச்சிட்ட அட்டைகளைக் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, ஆண்டுக்கு 365 எண்கள் இப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்திலேயே தமிழ்த் தேதியும் இருப்பதால், ஒரே நாளுக்கு இரண்டு எண்கள் எப்படி இருக்கலாம் என்ற கேள்வி தானாகவே எழுந்துவிடும்.

ஆடி மாதத்துக்கு நான் செய்யும் செயல்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது முளைப்பாரி. மாரியம்மன் கோயிலுக்கு எடுப்பதற்காக வீட்டில் முளைப்பாரி போடுவதைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். அதை ஏன் வெளிச்சம் படாத அறையில் மூடி வைக்கிறார்கள் என்று கேட்டால், "சாமிக்கு" என்று பதில் வரும். அந்தப் பதிலை மறுத்துப் பேசுவது என் வேலையல்ல. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் மண்ணும் சாணத்தூளும் போட்டு, இரண்டிலும் பத்துப் பத்துப் பாசிப்பயறு விதைத்து, ஒன்றைச் சன்னல் ஓரத்திலும் மற்றொன்றைப் பீரோவுக்குள்ளும் வைக்கச் சொல்வேன். நாள்தோறும் இரண்டுக்கும் ஒரே மூடி அளவுத் தண்ணீர். ஐந்தாறு நாளில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிடும். பீரோவுக்குள் இருப்பது வெளிறிய மஞ்சளாக, மெலிந்து, நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். சன்னலோரத்துச் செடி குட்டையாக, பச்சையாக, தண்டு தடித்து நிற்கும். எந்தச் செடி நன்றாக வளர்ந்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் எல்லாரும் உயரமான செடியைத்தான் காட்டுவார்கள். பிறகு இரண்டையும் வெளியே எடுத்து ஆடிக்காற்றில் வைத்தால் எது சாய்கிறது என்று பார்க்கலாம். வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு அப்படி நீள்கிறது என்று அதன் பிறகு சொன்னால் மூன்றாம் வகுப்புக்கு நன்றாகவே புரிகிறது. "அப்போ முளைப்பாரி மஞ்சளா இருக்கறது இதனாலதானா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். அன்று மாலை அவளுடைய அப்பாயி பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, முளைப்பாரி எப்படிப் போட வேண்டும் என்று எனக்கு ஒரு தனிப் பாடம் நடத்திவிட்டுப் போனார். வைக்கோல் எத்தனை அடுக்கு வைக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதே மாதத்தில் பனையோலைக் காற்றாடியும் செய்வோம். ஓலையை இரண்டு நறுக்காகக் கிழித்துக் குறுக்கே பின்னி, கருவேல முள்ளால் குத்திக் கையில் பிடித்து ஓடுவது. முள் என்பதால் குத்தும் வேலையை மட்டும் நான் செய்துகொள்வேன். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் ஓடாமலேயே சுற்றுகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த விளையாட்டு. ஆடியில் மேற்குப் பார்த்து நின்றால் காற்றாடி தானாகச் சுற்றும். மார்கழியில் அதே காற்றாடியை எடுத்துக்கொண்டு வடகிழக்குப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். வாடை என்ற சொல்லைப் பலகையில் எழுதிக் காட்டுவதற்கு மார்கழி வரை பொறுத்திருந்தால், அந்தச் சொல் காதில் விழும்போது முகத்திலும் காற்று படும்.

இனி பாட்டில். தமிழ்நாட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. எங்கள் கடலோர மாவட்டங்களில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் மழைமானி தயாராகிவிட வேண்டும். பக்கவாட்டில் நெளிவு இல்லாத ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துச் செருகினால் புனல் ஆகிவிடும். பாட்டிலின் அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் அங்கே கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு போட வேண்டும். அதிலிருந்து மேலே மில்லிமீட்டர் கோடுகள். நாள்தோறும் காலை வழிபாடு முடிந்ததும் இரண்டு பேர் போய் அளந்து வந்து, தண்ணீரைக் கோடு வரைக்கும் கொட்டிவிட்டு வர வேண்டும்.

முதல் ஆண்டு இதில் நான் இரண்டு தவறுகள் செய்தேன். மழைமானி ஆடு மாடு தட்டாமல் இருக்கட்டும் என்று தாழ்வாரத்தை ஒட்டி வைத்தேன். முதல் மழையிலேயே அது நிரம்பி வழிந்தது. மறுநாள் செய்தித்தாளில் எங்கள் வட்டாரத்துக்கு 31 மி.மீ. மழை என்று போட்டிருந்தார்கள். நாங்கள் பதிவேட்டில் 'நிறைய' என்று எழுதியிருந்தோம். ஓட்டுக் கூரையில் விழுந்த தண்ணீரும் சேர்ந்து வழிந்திருக்கிறது என்பதை ஒரு ஒன்றாம் வகுப்புப் பையன்தான், ஓட்டின் நுனியைக் காட்டி, எனக்குச் சொன்னான். இரண்டாவது தவறு, தீபாவளி விடுமுறையில் பாட்டிலை அப்படியே விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்து பார்த்தால் உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கீழே கொட்டுவதற்கு முன் அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி எல்லாருக்கும் காட்டினேன். புழு தலைகீழாகத் தொங்கி, வாலை நீர்மட்டத்துக்கு நீட்டி மூச்சு வாங்குவதை அவர்கள் அரை மணி நேரம் அசையாமல் பார்த்தார்கள். டெங்கு விழிப்புணர்வுக்காக நான் ஆண்டுதோறும் ஒட்டும் படத்துக்கு அப்படி ஒரு கவனம் ஒருநாளும் கிடைத்ததில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். வந்தவர்களும் நனைந்து வந்திருப்பார்கள். நாளைக்கு லீவு விடுவார்களா என்பதிலேயே எல்லார் மனமும் இருக்கும். அந்த நாள்களில் புதுப்பாடம் தொடங்குவது வீண். வருகைப் பதிவையே கணக்காக்கிவிடுவேன். வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தீப்பெட்டி என்று அடுக்கி, அன்றைய மழையின் மில்லிமீட்டர் அளவைப் பக்கத்தில் எழுதிவைத்தால், ஐப்பசி முடிவதற்குள் 'மழை கூடினால் பெட்டி குறையும்' என்று மொட்டு நிலைக் குழந்தையே படித்துச் சொல்லிவிடும். புயல் பற்றி நானாகப் பேச்செடுப்பதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது, வளாகத்தில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. தென்னந்தோப்பை இழந்த வீடுகளிலிருந்துதான் என் மாணவர்கள் வருகிறார்கள். அந்தக் குழியில் அடுத்த ஆண்டு நட்டதுதான் இந்த வாதாமரம் என்பதை மட்டும், அதன் வயதைக் கணக்கிடும்போது சொல்வேன். மீதியை அவர்களுடைய வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

மார்கழிக் கோலம் கணக்கு ஆசிரியருக்குக் கிடைத்த வரம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான் வந்து நிற்கும். கிடைக்கும் ஓரிரு வகுப்புகளில் நான் செய்வது புள்ளி எண்ணுவது மட்டும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசைப் புள்ளி வரும் ஊடுபுள்ளியில் 5-இல் தொடங்கி 3-இல் முடிந்தால், நடுவில் 5, மேலே 4, 3, கீழே 4, 3, மொத்தம் 19. புள்ளிக்கு நேராகப் புள்ளி வரும் நேர்ப்புள்ளியில் 5-இல் தொடங்கி 1-இல் முடிந்தால், நடுவில் 5, மேலே 3, 1, கீழே 3, 1, மொத்தம் 13. புள்ளி வைப்பதற்கு முன்பே மொத்தம் எத்தனை என்று சொல்ல வேண்டும், பிறகு வைத்து எண்ண வேண்டும். ஆண் பிள்ளைகள் முதலில் கூச்சப்பட்டு ஒதுங்குவார்கள். போட்டி என்று சொன்னால் சுண்ணாம்புக்கட்டி போதாது.

தை பிறந்து சம்பா அறுவடை நடக்கும்போது, ஆளுக்கு ஒரு நெற்கதிர் கொண்டுவரச் சொல்வேன். ஒரு கதிரில் எத்தனை நெல் இருக்கும்? முதலில் ஊகம். பத்து என்பார்கள், ஆயிரம் என்பார்கள். பிறகு உருவி, பதரை ஊதித் தள்ளிவிட்டு, பத்துப் பத்தாகக் குவிக்க வேண்டும். பத்துக் குவியல் சேர்ந்தால் ஒரு சிரட்டைக்குள் போக வேண்டும். போன தையில் ஒரு பெண்ணுக்கு ஒரு சிரட்டையும் நான்கு குவியலும் தனியாக மூன்று நெல்லும் வந்தன. அவள் பலகையில் 143 என்று எழுதியபோது, நூறு, பத்து, ஒன்று என்று ஆறு மாதமாக நான் மணிச்சட்டத்தில் முட்டி மோதிய இடமதிப்பு ஒரு மணி நேரத்தில் அவள் கைக்கு வந்திருந்தது. விதை நெல் ஒன்றுதான், அதிலிருந்து பல தூர் கிளைத்து ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கதிர் வரும் என்று சொன்னதும், அவளே பத்துத் தூர் என்று வைத்துக்கொண்டு பெருக்கத் தொடங்கினாள். பெருக்கல் இன்னும் நடத்தவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. எண்ணி முடித்த நெல்லைக் குருவிக்குக் கட்டித் தொங்கவிட்டோம்.

மாசி, பங்குனியில் வாதாமரம் சிவக்கும், புளி உலுக்குவார்கள். உதிர்ந்த வாதா இலைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று நான்கு குவியலாகப் பிரித்து, எந்தக் குவியல் பெரியது என்று வாரம் ஒருமுறை பார்ப்பது அரும்பு நிலைக்கு நல்ல வேலை. புளியங்கொட்டை வந்துவிட்டால் பல்லாங்குழி. பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாகப் போட்டால் 70 கொட்டைகள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு. நான்கைக் கண்டவுடனே, ஒன்று ஒன்றாக எண்ணாமல், பசு என்று கைவைக்கும் குழந்தைக்கு நான்காம் வாய்ப்பாட்டில் பாதி வேலை முடிந்துவிட்டது. மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு நுங்கு. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண். ஐந்து காய்க்குப் பதினைந்து. ஆனால் வெட்டிப் பார்த்தால் சிலவற்றில் இரண்டு கண்தான் இருக்கும். சென்ற ஆண்டு ஆறு காய்களுக்குப் பதினேழுதான் வந்தது. வாய்ப்பாடு தப்பா, நுங்கு தப்பா என்று வகுப்பில் பெரிய வழக்கே நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் பதினேழையும் தின்றுவிட்டார்கள்.

ஏப்ரல் 17, 18 தேதிகளில் உச்சி நிழல் மறுபடியும் காணாமல் போகும். ஆண்டு இறுதிப் பரபரப்பில் அதைப் பார்க்கத் தவறக்கூடாது என்பதற்காக, காலண்டரில் ஜனவரியிலேயே வட்டம் போட்டுவைத்திருப்பேன். சுவரில் தொங்கும் சணல் கயிறுகளின் வரிசையில் அன்று ஒரு வெற்று ஆணி மட்டும் அடிப்போம். அதன்பின் கோடை விடுமுறை. போன முறை திரும்பி வந்தபோது நிழல் பார்க்கும் கம்பைக் காணவில்லை. திடலுக்கு அந்தப் பக்கம் யாரோ அதை முளைக்குச்சியாக அடித்து ஆட்டைக் கட்டியிருந்தார்கள். இந்த ஆண்டு இரும்புக் குழாயைச் சிமெண்ட் வைத்து நட்டிருக்கிறோம். ஆடு இப்போதும் அதில்தான் கட்டப்பட்டிருக்கிறது. மதியம் பதினொன்றே முக்காலுக்கு ஒரு பிள்ளை போய் அவிழ்த்து வாதாமரத்தடியில் கட்டிவிட்டு வருகிறது.